நீங்க முதல்ல, சம்பந்தி

மார்பு நோய்ப் பிரிவின் கண்ணாடிக் கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் செய்தது. அதன் முன்னால் இரண்டு சம்பந்திகள் வந்து நின்றால் என்ன ஆகும் என்று அதைச் செய்தவன் யோசித்திருக்க மாட்டான்.

"நீங்க முதல்ல, சம்பந்தி."

"நல்லா இருக்கே! நீங்க நிக்கும்போது நான் போறதா? நீங்க போங்க."

"வயசுல பெரியவர் நீங்கதான்."

"யாரு? உங்களைவிட மூணு மாசம் சின்னவன் நான்."

பின்னால் நின்ற கூட்டத்துக்குத் திட்ட ஆசைதான். ஆனால் திட்டுவதற்கு மூச்சு வேண்டுமே!

மூன்று மாதம் மூத்தவர் மாவுமில்காரர். ஆயுசு முழுவதும் மாவுத் தூசியைச் சுவாசித்தவர். இளையவர் வெல்டர். அவர் சுவாசித்தது இரும்புப் புகை. அது போதாதென்று இடைவேளைக்கு இடைவேளை சிகரெட் புகை. மாவுமில்காரரின் மகள் வெல்டர் வீட்டு மருமகள். கல்யாணத்தின்போது எல்லாப் பொருத்தமும் பார்த்தவர்கள், இரண்டு அப்பன்மாரின் நுரையீரலும் இப்படிப் பொருந்தும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

உள்ளே ஆராய்ச்சி நர்ஸம்மா இருவரையும் உட்கார வைத்து, ஆளுக்கொரு நீலப் பெட்டியைக் கையில் கொடுத்தாள்.

"ஐயா, இந்த நோய் மாசக்கணக்குல சாதுவாக் கிடக்கும். ஒரு சளி பிடிச்சாப் போதும், சீறிடும். சீறினா கொடுக்க மாத்திரை இருக்கு. அதைக் கொஞ்ச நாள் கொடுத்தாப் போதுமா, ரொம்ப நாள் கொடுக்கணுமான்னுதான் பார்க்கறோம். எல்லார் பெட்டியிலும் மேல் வரிசை நிஜ மருந்து. கீழ் வரிசை சிலருக்கு மருந்து, சிலருக்குச் சும்மா மாவு. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"என்ன மாவும்மா?" என்று கேட்டார் மாவுமில்காரர்.

"ஐயா, நீங்க பிரிச்சுப் பார்க்கவே கூடாது!"

மூச்சு இறைத்து, சளியும் நிறம் மாறினால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே போன் செய்ய வேண்டும். அவள் வீட்டுக்கே வந்து பார்ப்பாள். எங்கே போனாலும் பெட்டி கூடவே போக வேண்டும். நோய் சீறாமல் திறந்தால் மட்டும் ஆராய்ச்சியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

அந்தக் கடைசி வார்த்தை மாவுமில்காரருக்குச் சுருக்கென்றது. மில்லை மூடிய பிறகு அவரை யாரும் எதற்கும் தேடியதில்லை. வீட்டில் அவர் அபிப்பிராயம் கேட்கப்படுவது ரிமோட்டைக் காணவில்லை என்றால்தான். இங்கேயோ ஒரு டாக்டர் எழுந்து நின்று, "நீங்க வந்தாத்தான் ஐயா இந்த ஆராய்ச்சியே" என்று கை கொடுத்திருந்தார். பெட்டியைத் துணிப்பையில் வைத்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டுதான் அவர் பஸ்ஸில் வீடு திரும்பினார்.

அவர் பஸ் ஏறுவதற்கு முன், ஆஸ்பத்திரி வாசலிலேயே வெல்டர் கண்ணைச் சிமிட்டியிருந்தார். "சம்பந்தி, முதல்ல பெட்டியைத் திறக்கறவர் கிழவர். சரியா?"

"சரி. அப்பவும் நீங்கதான் முதல்ல, சம்பந்தி."

அன்றிலிருந்து போட்டி. தினமும் காலையில் போன் வரும். "எப்படி இருக்கீங்க சம்பந்தி?" "எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன். உங்க சளி எப்படி?" "பால் மாதிரி வெள்ளை!" பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாவுமில்காரர் பையும் பெட்டியுமாக மகள் வீட்டுக்குப் போனார். மகளும் மாப்பிள்ளையும் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "அப்பா, மாமாவுக்கு ரெண்டு நாளா லேசா ஜலதோஷம். கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். பேசிட்டு இருங்க, வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள் மகள்.

வெல்டர் சாப்பாட்டு மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். அந்த உட்காரல் மாவுமில்காரருக்குத் தெரியும். மூச்சு கிடைக்காதவன்தான் மேஜையை அப்படிக் கட்டிப் பிடிப்பான்.

"என்ன சம்பந்தி, உடம்பு எப்படி?"

"குதிரை..." என்றார் வெல்டர். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மாதிரி" என்றார்.

அவர் கையிலிருந்த கைக்குட்டையில் மஞ்சளும் பச்சையுமாகச் சளி. பாலும் இல்லை, வெள்ளையும் இல்லை.

"சம்பந்தி, விளையாட்டு போதும். பெட்டியைத் திறங்க."

"நீங்க... முதல்ல."

"நான் நர்ஸம்மாவுக்குப் போன் பண்றேன்."

"பண்ணுங்க. நல்லா... இருக்கேன்னு... சொல்லுவேன்."

"நானே கிழவன்னு ஒத்துக்கறேன். போதுமா?"

"வாயால... சொன்னா... செல்லாது."

மாவுமில்காரர் தன் மார்பைக் கவனித்துப் பார்த்தார். அது என்றைக்கும் இல்லாத அழகில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வருஷத்தில் பாதி நாள் இழுத்துக்கொண்டு கிடக்கிற மார்பு, வேண்டிய நேரத்தில் இப்படிக் காலை வாரிவிட்டதே! மடியில் இருந்த பெட்டியைத் தடவினார். திறந்தால் டாக்டரின் கைகுலுக்கல் போச்சு. திறக்காவிட்டால் எதிரே உட்கார்ந்திருப்பவரே போய்விடுவார் போல இருந்தது.

அவர் இருமினார். முதல் இருமல் சரியாக வரவில்லை. தொண்டையைக் கனைத்தது போல இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது இருமலுக்கு மேஜைமேல் இருந்த டம்ளர் உருண்டது.

"ஐயோ சம்பந்தி, என்னால தாங்க முடியலை! மூச்சு அடைக்குது! நான் தோத்தேன்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கிழித்தார். ஒரு மாத்திரையை வாயில் போட்டுக் கன்னத்து ஓரம் ஒதுக்கினார்.

வெல்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் பெட்டியைத் திறந்து, ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார்.

அதற்குள் கன்னத்து மாத்திரை கரைய ஆரம்பித்துவிட்டது. அப்படி ஒரு கசப்பு! மாவுமில்காரர் முகம் கோணியதில் அதுவரை வராத நடிப்பெல்லாம் தானாக வந்தது. "போன் பண்ணிட்டு வரேன்" என்று பால்கனிக்கு ஓடி, ரோஜாத் தொட்டியில் துப்பிவிட்டு நம்பரை அழுத்தினார்.

"அம்மா, சம்பந்திக்குச் சீறிடுச்சு, பேசக்கூட முடியலை, மாத்திரை போட்டாச்சு. உடனே வாம்மா. நானும் திறந்துட்டேன்."

"உங்களுக்கும் சீறிடுச்சா ஐயா?"

மாவுமில்காரர் ரோஜாவைப் பார்த்தார். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பெயர் தங்கிவிடும். ஆனால் நாளைக்கு எவனோ ஒருத்தனுக்கு எத்தனை நாள் மருந்து கொடுப்பது என்று முடிவு கட்டும்போது, இந்தப் பொய்யும் அதில் கலந்திருக்குமே. மாவில் கலப்படம் செய்யாதவர் அவர்.

"இல்லம்மா. எனக்கு நல்லாத்தான் இருக்கு. அவர் சாப்பிடணுமேன்னு திறந்து, ஒண்ணை வாயில போட்டுத் துப்பிட்டேன்."

"உங்க பேரை எடுக்க வேண்டியதாயிடும் ஐயா."

"தெரியும்மா. நீ சீக்கிரம் வா."

"கிளம்பிட்டேன். துப்பின மாத்திரை எங்கே? அதைக்கூட நான் திரும்ப வாங்கணும்."

"தொட்டியில. பாதி ரோஜா சாப்பிட்டிருக்கும்."

அவள் வந்தாள். விரலில் கிளிப்பை மாட்டினாள், மார்பில் குழாயை வைத்துக் கேட்டாள், டாக்டரோடு பேசினாள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆஸ்பத்திரிக் கட்டில்தான்" என்று வெல்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் மண்ணைக் கிளறினாள்.

வாரக் கடைசிக்குள் வெல்டருக்கு முழு வாக்கியம் பேச வந்துவிட்டது. பேசிய எல்லா வாக்கியமும் ஒன்றேதான். "சம்பந்தியால தாங்க முடியலை, பாவம். துணைக்குத்தான் நானும் ஒண்ணு போட்டுக்கிட்டேன்." பால்காரரிடம் சொன்னார், லிஃப்ட்காரரிடம் சொன்னார், போனில் தப்பு நம்பரில் வந்தவரிடமும் சொன்னார். மாவுமில்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

அடுத்த பரிசோதனை நாளில் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். வெல்டர் கையில் நீலப் பெட்டி. மாவுமில்காரர் கையில் வெறும் பை.

"உங்க பெட்டி எங்கே, சம்பந்தி?"

"பேரை எடுத்துட்டாங்க. நான் இன்னைக்கு உங்களுக்குத் துணை."

வெல்டர் நடையை நிறுத்தினார். "அன்னைக்கு மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்கினீங்களே, அதுக்கா?"

மாவுமில்காரர் வாய் பிளந்தார். "பார்த்தீங்களா?"

"பார்க்காம? குரங்கு மாதிரி ஒரு பக்கம் உப்பியிருந்துச்சே."

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீங்க?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு இருமினீங்க. நான் சாப்பிடாம உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா சம்பந்தி?"

மாவுமில்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, மூக்கையும் துடைத்தார்.

"அப்புறம் ஊரெல்லாம் என்னைக் கிழவன்னு சொல்லிட்டு இருக்கீங்களே?"

"அது போட்டி. அது வேற." வெல்டர் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்தார். "வாங்க. நீங்க முதல்ல."

"இன்னைக்கு நோயாளி நீங்கதானே? நீங்க போங்க."

"துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்திட்டு நான் போறதா? அது முறையா?"

உள்ளேயிருந்து நர்ஸம்மாவின் குரல் கேட்டது. "ஐயா! ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் உள்ளே வாங்க! பின்னால இருக்கறவங்களுக்கெல்லாம் சீறிடப் போகுது!"