பஞ்சுருட்டான் கரை

இறந்துபோன அஹ்ஸனுக்கு ஓதிக் கொடுத்த கத்தச் சோறு செமிக்கும் முன்பே அவனுடைய தம்பி நளீம் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வாசலில் வந்து நின்றான். வீட்டு வளவிலிருந்த தேன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். அவற்றை நம்பித்தான் அண்ணன் பெண்சாதி சுஹறாவும் மகள் நஜ்லாவும் இனிச் சீவிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

“எண்ட கூடப்பிறந்த காக்காட சாமான். பொம்பிளையளுக்கு என்னத்துக்கு? வயல்ல, வாய்க்கால் கரையில வைக்கப்போறன்.”

எந்தக் கரை என்று சுஹறாவுக்குத் தெரியும். அந்தக் கரை மண்ணைக் குடைந்து பஞ்சுருட்டான் குருவிகள் கூடு வைத்திருந்தன. பச்சை உடம்பு, நீலத் தொண்டை, ஊசி வால். பார்வைக்கு அத்தனை அழகு. தேனீயைப் பறக்கும்போதே கவ்வி, வேலிக் கம்பியில் அடித்து, கொடுக்கைத் தேய்த்தெடுத்துவிட்டு விழுங்கும் சனியன்கள். அவற்றுக்குப் பயந்தே அஹ்ஸன் ஒரு பெட்டியைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோனதில்லை.

கணவன் மௌத்தானதால் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் இருந்தவள், திரைக்குப் பின்னால் நின்று, “தம்பி, அந்தக் கரையில...” என்று தொடங்கினாள்.

“மதினி, இத்தாவில இரிக்கிற பொம்பிளை ஆம்பிளையளோட கதைக்கப்படாது. வாயப் பொத்திக்கிட்டு இரிங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கே தொழுகை முடிகிற நேரம் ஓடிவருகிறவன் அவளுக்கு மார்க்கம் படிப்பித்தான். சுஹறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இனி நீயாகப் பட்டுத் தெளி என்று வாயை மூடிக்கொண்டாள். தேனீக்களை நினைக்க அழுகை வந்தது. ஆனாலும் நஜ்லாவிடம்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

வயலுக்குப் போய்வந்தவர்கள் கதை கொண்டுவந்தார்கள். பஞ்சுருட்டான்கள் கம்பியில் குந்தியிருந்து விருந்து சாப்பிடுகின்றனவாம். நளீம் யானைவெடி கொளுத்திப் போடுகிறானாம். பறவைகள் எழும்பிப் பறந்துவிட்டுத் திரும்பவும் அதே கம்பியில் வந்து குந்த, தேனீக்கள்தான் மிரண்டு கூட்டத்தோடு பெட்டியை விட்டுப் போகின்றனவாம்.

கடைசியில் நளீமே வந்தான். முகம் கறுத்திருந்தது.

“மதினி, ரெண்டு பெட்டிதான் மிச்சம். ஈ பெட்டிய விட்டு வெளிக்கிடுதே இல்ல. என்ன செய்யிற?”

நளீம் திரைக்குக் கிட்ட வந்தான்.

“காக்கா ஒங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்தானே. என்ன, ஊமையா?”

நஜ்லா வெளியே வந்தாள். “சாச்சா, உம்மா இத்தாவில இரிக்கா. ஆம்பிளையளோட கதைக்கப்படாது. பெட்டியள எடுத்த இடத்திலயே கொண்டுவந்து வைக்கட்டாம்.”

அன்று பின்னேரமே இரண்டையும் கொண்டுவந்து இறக்கினான். திரையைப் பார்த்து, “தெரிஞ்சிதானே சும்மா இருந்தீங்க?” என்று கேட்டான். லாண்ட்மாஸ்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சுஹறா வளவுக்குள் இறங்கினாள். ஒரு பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே இரைச்சல் இருந்தது. மற்றதில் வைத்தாள். ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தால் எறும்புதான் மொய்த்துக் கிடந்தது. நளீமை வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கினாள்.

“உம்மா, கரையில குருவி இரிக்கி எண்டு ஒங்களுக்கு முதலே தெரியுமா?” என்று நஜ்லா கேட்டாள்.

சுஹறா ஏசுவதை நிறுத்திவிட்டு, மூடியைத் திரும்பப் போட்டாள்.