பெட்டியில் வராத தேதி

அந்தச் செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி வரும். தலைப்பு ‘இன்று’. அதில் மூன்றே விஷயம்: ஒரு தினம், ஒரு பிறந்தநாள், வரலாற்றில் ஒரு சம்பவம். இதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று நீங்களும் கேட்பீர்கள். கேட்காதவர்களே கிடையாது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இந்த உலகத்தில் தினமாக இல்லாத நாள் என்று ஒன்று மிச்சமில்லை. கை கழுவ ஒரு தினம், தூங்க ஒரு தினம், சிரிக்க ஒரு தினம், அழுவதற்கும் எங்கேயாவது ஒன்று வைத்திருப்பார்கள். ஆசிரியர் தினத்தைப் போட்டால் நர்ஸுகள் போன் போட்டுக் கேட்பார்கள், எங்களை ஏன் விட்டீர்கள் என்று. இந்தத் திட்டுகளையெல்லாம் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தவளை அலுவலகத்தில் எல்லாரும் தேதியக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிடப் பெரியவர்கள்கூட.

பெட்டிக்குச் சில சட்டங்கள் உண்டு. எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறினால் தெரியும். ஒரே நாளில் இரண்டு சாவு வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாவே கூடாது, ஜனங்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். சம்பவம் என்றால் வட்ட வருஷமாக இருக்க வேண்டும், அதாவது ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிய வேண்டும். பதினேழு வருஷத்துக்கு முன் ஒரு பாலம் திறந்தார்கள் என்றால், அந்தப் பாலம் இன்னும் மூன்று வருஷம் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வேலையில் ஒரு கோளாறும் உண்டு. நாளைக்கு வரும் தாளை இன்றைக்குச் செய்வதால், தேதியக்காவின் மண்டைக்குள் காலண்டர் எப்போதும் ஒரு நாள் முன்னால்தான் ஓடும். பல் வைத்தியரிடம் முதல் நாளே போய் நின்று, பூட்டிய கதவைத் தட்டியிருக்கிறாள். தங்கையின் கல்யாண நாளுக்கு வருஷா வருஷம் ஒரு நாள் முந்தி வாழ்த்திவிட்டு, சரியான நாளில் வாயே திறக்கமாட்டாள். தங்கை இப்போதெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. அக்கா போன் பண்ணினால், நாளைக்கு என்ன விசேஷம் என்று பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

அன்று காலையிலிருந்தே தேதியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவாள், எழுந்திருப்பாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி உட்காருவாள். மறுநாள் எந்தத் தேதி என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தேதியில்தான், இருபது வருஷத்துக்கு முன்னால், இதே ஊரின் ஆற்றில் ஒரு பயணிகள் படகு கவிழ்ந்தது. முப்பத்திரண்டு பேர் போய்விட்டார்கள். ஏற்றக்கூடாத கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அந்தப் படகை ஓட்டியவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவர் சிறையில் இருந்தபோதுதான், படகு கவிழ்ந்த ஆறாவது வருஷம், அவள் இந்த வேலைக்கு வந்தாள். வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லி வைத்தாள். அவர் வெளியே வந்து ஒரு பம்பு ரிப்பேர் கடையில் சேர்ந்ததும், ஊருக்கே மாற்றலாகி வந்துவிட்டார் என்றாள். யாரும் தோண்டிக் கேட்கவில்லை. அந்தத் தேதி வரும்போதெல்லாம் பெட்டியில் வேறு எதையாவது போட்டு மூடிவிடுவாள். வட்டமில்லாத வருஷங்களில் சுலபம். பத்தாவது வருஷம் நல்லவேளையாக ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. பதினைந்தாவது வருஷம் ஒரு பெரிய விஞ்ஞானியின் நூற்றாண்டு வந்து காப்பாற்றியது. இந்த வருஷம் காப்பாற்ற ஒரு நாதியும் இல்லை.

போதாக்குறைக்குப் புதிதாக ஒரு செய்தி ஆசிரியர் வந்திருந்தார். உள்ளூர் விஷயம் வேண்டும், உள்ளூர் விஷயம் வேண்டும் என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிற மனிதர். காலைக் கூட்டத்தில் எல்லாரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அவள் பக்கம் திரும்பினார். நாளைய தேதியில் நம்ம ஊரில் எதுவும் நடந்ததில்லையா என்றார்.

“ஒண்ணும் இல்ல சார்,” என்றாள் தேதியக்கா.

வார்த்தை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் மறைத்திருக்கிறாளே தவிர, நேருக்கு நேர் யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை. அவர் பாவம், அப்படியே நம்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்த நம்பிக்கை அவளை இன்னும் குடைந்தது.

தினத்துக்கு, எங்கேயோ ஒரு தேசத்தில் கொண்டாடுகிற குடை தினத்தை எடுத்தாள். பிறந்தநாளுக்கு ஒரு பாடகர். சம்பவத்துக்கு, யாரோ ஒரு மகாராஜா ஒரு தபால் நிலையத்தைத் திறந்து வைத்தது. நூற்றைம்பது வருஷம், நல்ல வட்டம். எழுதிப் பார்த்தாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். தபால் நிலையத்தைத் திறந்ததற்கெல்லாம் இப்படி அடித்து அடித்து எழுதுவாளா ஒருத்தி?

மத்தியானம் போன் வந்தது. யார் என்று எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது. வருஷா வருஷம் இதே நாளில் ஓர் அம்மா கூப்பிடுவாள். படகில் போன ஒரே மகளைப் பறிகொடுத்தவள். சத்தம் போட மாட்டாள், சாபம் விட மாட்டாள். நாளைக்குப் போடுவீர்களா என்று மட்டும் கேட்பாள். தேதியக்காவும் பார்க்கிறேன், மேலே கேட்கிறேன் என்று பூசி மெழுகுவாள். போன வருஷம் அவசரத்தில், வட்ட வருஷமாக இருந்தால்தான் போடுவோம் என்று சட்டம் பேசித் தொலைத்திருந்தாள்.

“நாளைக்கு இருபது வருஷம் ஆகுதும்மா. வட்டமா வந்தா போடுவோம்னு நீங்கதானே சொன்னீங்க?”

தேதியக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இடம் இல்லை என்று ஏதோ மென்று விழுங்கினாள். அந்த அம்மா முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “சரிம்மா. இனிமே நான் கேக்கல. உங்களுக்கும் தொந்தரவு,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். தேதியக்கா எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பி வந்தாள், மாடிப்படி இறங்கிப் பாதியில் நின்று மறுபடி ஏறினாள். கடைசியில் தபால் நிலையத்தையே அனுப்பினாள். பக்கம் கட்டுகிறவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். எவ்வளவு பெரிய செய்தியானாலும் இரக்கமில்லாமல் வெட்டி இடத்துக்குள் அடக்கிவிடுவார். அவர் பெட்டியைப் படித்துவிட்டு, மகாராஜாவுக்கு வேறு வேலையே இல்லையா அக்கா என்று சிரித்தார். அவள் தலைவலி என்று சொல்லிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. மனசு அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தத் தேதியில் வீட்டுக்காரர் எப்படி இருப்பார் என்று அவளுக்கு மனப்பாடம். கடைக்குப் போக மாட்டார். பேச மாட்டார். வாசலில் செருப்பை மாட்டுவார், கழற்றுவார், மாட்டுவார். ஒரு வருஷம் பொழுது சாய்ந்த பிறகு ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டு, இடுப்புவரை நனைந்த துணியோடு திரும்பி வந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஈரத்துணியை வாங்கிப் பிழிந்து காயப்போட்டாள். அந்தத் தேதியைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளுக்கு நினைவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவள் இருந்தாள். அவர் என்ன நினைத்தாரோ.

வீட்டுக்கு வந்தால் அவர் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், அவளுக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

“இன்னிக்கு நீங்க எங்கேயும் போக வேணாம். சொல்றதக் கேளுங்க. இன்னிக்கு மட்டும் வீட்டுல இருங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கையில் பால் வாங்குகிற பை இருந்தது.

“அது நாளைக்கு,” என்றார்.

தேதியக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அப்படியே சுவரோரம் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை செய்து செய்து இந்தப் பாழாய்ப்போன மண்டையில் நாளை ஏறி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு நாள் முந்தி அவளே கொட்டிவிட்டாள்.

அவர் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நாளைக்குப் பெட்டியில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். மகாராஜா, தபால் நிலையம் என்று சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த அம்மா போன் பண்ணியதையும், ஆசிரியரிடம் பொய் சொன்னதையும்கூடச் சொன்னாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

“வருஷா வருஷம் அன்னிக்குக் காலையில முதல்ல உன் பெட்டியத்தான் பார்ப்பேன்,” என்றார் அவர். “வெளிய வந்த முதல் வருஷம் அதக் காணோம்னதும் நிம்மதியா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் போகப் போக என்னால தாங்க முடியல. அத்தன பேரு செத்தது ஒரு விஷயமே இல்லன்னு ஆயிடுச்சு. முழுகடிச்சதும் நான். இப்ப மறைக்கிறதும் எனக்காகத்தானே?”

“உங்களுக்காக மட்டும் இல்ல,” என்றாள் அவள். “எனக்காகவும்தான். அங்க எல்லாரும் என்ன எப்படிப் பார்ப்பாங்கன்னு பயம்.”

“என்னப் பார்த்து வெட்கமா?”

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். காலையில் ஒரு ‘இல்லை’ சொல்லி அந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

“இருந்துச்சு,” என்றாள். “இப்பவும் கொஞ்சம் இருக்கு.”

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. ரொம்ப நாளாக வலித்த பல்லை யாரோ பிடுங்கிப் போட்டதுபோல இருந்தது அவர் முகம். பக்கம் எப்போது அச்சுக்குப் போகும் என்று கேட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் கத்திரியின் கையில்தான் இருக்கும். எழுந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.

கத்திரி முதலில் முடியவே முடியாது என்றார். பக்கம் முடிந்தது, அனுப்பப் போகிறேன், மகாராஜாவை இந்த நேரத்தில் இறக்கினால் பாவம் பிடிக்கும் என்றார். அவள் குரலைக் கேட்டதும் வேடிக்கையை விட்டுவிட்டு, சொல்லுங்க, அடிக்கிறேன் என்றார். ஆசிரியரிடமும் நானே பேசிவிடுகிறேன், காலையில் தெரிந்தே பொய் சொன்னேன் என்றே சொல்கிறேன் என்றாள் அவள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லத் தொடங்கினாள். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில். நம் ஊர் ஆற்றில். அளவுக்கு மீறிப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து. முப்பத்திரண்டு பேர்.

அங்கே நின்றுவிட்டாள். பெட்டியில் இவ்வளவுக்குத்தான் இடம். இதோடு முற்றுப்புள்ளி வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

“ஓட்டினவனப் பத்தி ஒண்ணும் போடலையே,” என்றார். “அவன் உயிரோட இருக்கான்னு போடு. இந்த ஊர்லதான் இருக்கான்னு போடு. யாராவது வந்து கேக்கணும்னா கேக்கட்டும். கேக்க ஆளில்லாமத்தானே அந்தம்மா உங்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

அவள் அதையும் சொன்னாள். படகை ஓட்டியவர் உயிருடன் இதே ஊரில் இருக்கிறார். எதிர்ப்பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“அக்கா, இது வேணாம்,” என்றார் கத்திரி. “அந்த ஆளு எப்பவோ செத்துட்டான்னு நான் கேள்விப்பட்டேன். இல்லாததப் போட்டு நாளைக்கு வம்பு வந்தா ரெண்டு பேர் வேலையும் போயிடும். உயிரோட இருக்கார்னு உங்களுக்கு யார் சொன்னது?”

தேதியக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். அழவேண்டும்போல இருந்தது, ஆனால் குரல் உடையவில்லை.

“என் பக்கத்துலதான் நிக்கிறார்,” என்றாள். “என் வீட்டுக்காரர்.”

கத்திரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். பிறகு அவர், முழுதையும் ஒரு தடவை படிக்கிறேன், அவரையே கேட்கச் சொல்லுங்கள் என்றார்.

அவள் போனை அவர் காதில் வைத்தாள். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கடைசி வரிவரை கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “சரியா இருக்கு, போடுங்க,” என்றார்.