நாலாம் நம்பர் டோக்கன்

பயணிகள் விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரி கொள்ளை அழகு. வந்த அன்றே தம்பி இருபது படம் அனுப்பி அக்காவின் உயிரை எடுத்தான். "நீயும் வாக்கா" என்று நச்சரிப்பு வேறு. இப்போது வந்திருக்கிறாள், அவன்தான் இல்லை. நீந்தப் போனவன் திரும்பாமல் மூன்று நாளாகிறது.

வார்டன் அம்மா விடுதியின் வழக்கத்தைச் சொன்னாள். ஏரியில் இறங்குகிறவர்கள் தங்கள் கட்டில் எண் போட்ட பித்தளை டோக்கனை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கரையேறியதும் அவரவர்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. ஏன் என்று அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பலகையில் ஒன்றே ஒன்று தொங்கியது. நாலாம் நம்பர்.

அவன் கட்டிலுக்கு மேல்கட்டிலையே இவளுக்குக் கொடுத்தார்கள். கீழே சட்டை ஒரு மூலை, சாக்ஸ் ஒரு மூலை. ஒரு பொருளை அதன் இடத்தில் வைக்கிற பழக்கம் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. அதற்காக இவள் திட்டாத நாளும் கிடையாது. எல்லாவற்றையும் மடித்து வைத்தாள். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பலகையிலிருந்து டோக்கனைக் கழற்றி வந்து அவன் தலையணைக்கடியில் செருகினாள். வந்துவிட்டான் என்றே இருக்கட்டுமே.

காலையில் ஏரி முழுக்கப் பனி. அவனைத் தேடப் போகும் படகுகள் மூன்றும் கரையிலேயே கட்டிக் கிடந்தன. படகுக்காரர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இன்னிக்குப் போகலையா?"

"எதுக்கும்மா? விடியக்காலைல பாத்தேன், பலகைல டோக்கன் இல்ல. தம்பி கரையேறிட்டாருன்னு மத்தவங்களையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

"ஐயோ, அத எடுத்தது நான்ண்ணே!"

அறைக்கு ஓடித் தலையணையைத் தூக்கினாள். டோக்கன் இல்லை. தலையணை சொட்டச் சொட்ட நனைந்து பாசி வாடை அடித்தது. மடித்து வைத்த சட்டை மறுபடியும் தரையில் கிடந்தது. கட்டிலிலிருந்து கதவு வரை ஈரம்.

அந்த ஈரத்தின் பின்னாலேயே நடந்தாள். அவளைத் தொடர்ந்து வந்த படகுக்காரர் வாசலில் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பலகையில் நாலாம் நம்பர் தொங்கியது, தண்ணீர் சொட்டிக்கொண்டு.

அவர் படகை அவிழ்க்கப் போனார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு பொருளை அதன் இடத்தில் வைத்திருக்கிறான், பாவிப் பயல்.