இன்னொருத்தன் கட்டைவிரல்

வெல்டர் போனைச் சுவரில் விட்டெறிந்தான். அது கட்டில் கம்பியில் பட்டுத் தெறித்து, கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மொட்டைவிரலின் மடியில் வந்து விழுந்தது.

மொட்டைவிரல் அதைத் திருப்பிப் பார்த்தான். "உயிரோடதான் இருக்கு. இன்னொரு தடவ எறியறதா இருந்தா முன்னாடியே சொல்லிடு மாப்ள, நான் குனிஞ்சுக்கறேன்."

"'டாக்டர் என்ன சொன்னாருன்னா'ன்னு அவ ஆரம்பிச்சா. அதோட லைன் போச்சு. காசு தீந்துபோச்சாம். என்ன சொன்னான்டா அந்த டாக்டர்?"

வெல்டரின் மனைவி நிறைமாதம். அவள் ஊரில், இவன் கடல் தாண்டி ஒரு கட்டட வேலையில். வெளிநாட்டில் இறங்கிய பிறகும் ஊர் சிம்மிலேயே பேசினால், போட்ட காசெல்லாம் ஓட்டைக் குடத்துத் தண்ணீராகப் போய்விடும் என்று விமானத்தில் பக்கத்தில் இருந்தவரே சொன்னார். இவன் கேட்கவில்லை. யார் சொல்லியும் கேட்கிற ஜாதி இல்லை அவன். கோபம் மூக்கு நுனியில், கை அதற்கும் முன்னால்.

"ஆபீஸ்ல போய் உன் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கேளு. அத மெயின் ரோட்டுல இருக்கற போன் கம்பெனிக் கடைல குடுத்தா சிம் தருவாங்க," என்றான் மொட்டைவிரல்.

"அந்தக் கிளார்க்குகிட்ட போய் நான் பல்ல இளிக்கணுமா? அதெல்லாம் நம்மால ஆகாது. சந்துக்குள்ள ஒரு கடை இருக்காம், வா."

மொட்டைவிரலுக்கும் சிம் வாங்க வேண்டியிருந்தது. அவனிடம் ஜெராக்ஸ் இருந்தது. மெயின் ரோடு வரை நடக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சந்து பக்கம். அவ்வளவுதான் காரணம். மனிதன் மோசம் போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படுவதில்லை.

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். சிமெண்டும் தரைக்கல்லும் தேய்த்துத் தேய்த்து அவன் விரல் ரேகையெல்லாம் அழிந்து, நுனி வழுக்கைத் தலை போல மின்னும். மொட்டைவிரல் என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ரேகை வைக்கிற எந்த மெஷினும் அவனை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டது கிடையாது. விமான நிலையத்தில் அவன் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு வரிசையே நின்று திட்டியது. வேலையிடத்தில் வருகைப் பதிவு மெஷின் முன்னால் தினமும் அதே கூத்து. அவனுக்கு அது பழகிவிட்டது.

சந்துக் கடைக்காரன் அகலமாகச் சிரித்தான். எல்லாரும் அவனுக்கு ராசா.

"வாங்க ராசா. கட்டைவிரல வைங்க."

மொட்டைவிரல் வைத்தான். மெஷின் 'டிங்' என்றது.

"விழல ராசா. டிங்குன்னா விழலன்னு அர்த்தம். இன்னொரு தடவ."

மறுபடி டிங். "ஈரமா இருக்கோ என்னமோ," என்றான் கடைக்காரன். வெல்டர் தன் நண்பனின் கையைப் பிடித்து, கட்டைவிரலைத் தன் சட்டையில் அழுந்தத் துடைத்து, அவனே மெஷினில் வைத்து அமுக்கினான். டிங். அடுத்த விரல். டிங். இடது கை. டிங்.

"பொண்ணு பாக்கப் போனாலும் இவன ஒரே தடவைல யாரும் ஒத்துக்கல ராசா," என்றான் வெல்டர். கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். மொட்டைவிரலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இன்னும் ஆறேழு தடவை வைத்தான்.

மொட்டைவிரலுக்கு சிம் கிடைத்தது. வெல்டர் பக்கம் திரும்பிக் கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான்.

"உங்களுக்கு ஜெராக்ஸே வேணாம் ராசா. நாளைக்கு வாங்க, ரெடியா ஓடற சிம் தரேன். பாதி வெலை. யாரு பேரும் இல்லாத சிம்மு."

யார் பெயரும் இல்லாத சிம். வெல்டருக்கு அது பிடித்திருந்தது. மறுநாள் போய் வாங்கிப் போட்டான். அன்றிலிருந்து மனைவியோடு தினமும் பேச்சு. டாக்டர் சொன்னது குழந்தையின் தலை திரும்பவில்லை என்பது. பிறகு திரும்பிவிட்டது. இன்றோ நாளையோ என்றார்கள். வலி வந்தால் வேலை நேரத்திலும் கூப்பிடு என்று அவளிடம் சொல்லி வைத்தான்.

அவள் கூப்பிட்டாள். இவன் அப்போது சாரத்தின் மேல் நின்று ஒரு உத்திரத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். முகமூடியைத் தூக்கிவிட்டுப் போனைக் காதில் வைத்தான். கீழே இருந்த ஆக்சிஜன் சிலிண்டரை மறந்தான். கையிலிருந்த வெல்டிங் பிடி தொங்கி, சிலிண்டர் ரப்பர் குழாய் மேல் பொறி கொட்டியது.

மேஸ்திரி பாய்ந்து வந்து மின்சாரத்தை நிறுத்தினார். ஏறி வந்த வேகத்தில் வெல்டரின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். முகமூடி கழன்று கீழே உருண்டது.

"நாயே! அம்பது பேர் கீழ நிக்கறான். பொண்டாட்டி கூட கொஞ்சறதுக்கு உனக்கு நேரம் கெடச்சுதா?"

"மேஸ்திரி, அவளுக்கு வலி..."

"செத்தவனுக்கும்தான்டா பொண்டாட்டி இருப்பா!" இன்னொரு அறை.

மேஸ்திரி கத்தியதில் நியாயம் இருந்தது. கையில் நியாயம் இல்லை. வெல்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கிற புத்தி அப்போது இல்லை. உதட்டோரம் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். ஐம்பது பேரும் பார்த்தார்கள். ஊரில் வந்தது பொய் வலி என்று பிறகு தெரிந்தது. கன்னத்து வலி பொய் இல்லையே.

மாலை, சாமான் அறைக்குப் பின்னால் போய் நின்றான். யார் பெயரும் இல்லாத சிம் சட்டைப் பையில் இருந்தது. திருப்பி அடிக்க முடியாதவனுக்கு அது கத்தி மாதிரி இருந்தது. வெல்டிங் முகமூடியை மாட்டி, அதற்குள் போனை வைத்து, தகரத்துக்குள்ளிருந்து வருகிற குரலில் மேஸ்திரிக்குப் பேசினான்.

"உன் பொண்ணு எந்த வேன்ல ஸ்கூலுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் அந்த வேன் வரும், உன் பொண்ணு வராது."

குடும்பத்தோடு அந்த ஊரிலேயே குடியிருந்த மேஸ்திரியின் மகள் எந்த வேனில் போகிறாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. வேனில்தான் போகிறாளா என்பதுகூடத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னான். சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டான். மொட்டைவிரலிடம்கூட மூச்சு விடவில்லை.

மேஸ்திரி அன்று சாப்பிடவில்லை. மகளை மறுநாள் பள்ளிக்கு அனுப்பவில்லை. அவருடைய மச்சானுக்கு ஒரு கூட்டாளி. அந்தக் கூட்டாளி போன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வெளியே சொல்லக் கூடாததை அவன் சொன்னான். நம்பர் யார் பெயரில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் என்ன படம், எல்லாம் மேஸ்திரியின் போனுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து எல்லாரும் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்த நேரம். அறைக் கதவு உதை வாங்கித் திறந்தது. மேஸ்திரி, அவர் மச்சான், இன்னும் இரண்டு தடியன்கள். மச்சான் கையில் இரும்புத் தண்ணீர்க் குழாய்.

நால்வரும் வெல்டரைத் தாண்டிப் போனார்கள். மொட்டைவிரலைத் தலைமயிரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து இழுத்துக் கீழே போட்டார்கள்.

"என் பொண்ணு என்னடா பண்ணுச்சு உன்னை?" மேஸ்திரியின் கால் அவன் விலாவில் இறங்கியது. "வேனு எனக்குத் தெரியும்ங்கற?"

"யாரு பொண்ணு? என்ன வேனு? மேஸ்திரி, நீங்க ஆள் மாறி..."

குழாய் முதுகில் விழுந்தது. சொல்ல வந்தது பாதியில் நின்றது.

"ஆளு மாறலடா. உன் மூஞ்சி, உன் பாஸ்போர்ட்டு, உன் ரேகை!" மேஸ்திரி போனை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினார். "இந்த நம்பர் உன் பேர்ல இல்லன்னு சொல்லு பாப்போம்!"

மொட்டைவிரல் வீங்கிக்கொண்டிருந்த கண்ணால் பார்த்தான். "பேரு என்னுது. நம்பர் என்னுது இல்ல. என் போன் அதோ தலகாணி மேல இருக்கு, பாத்துக்கங்க."

"ரெண்டு சிம் வெச்சிருக்கியா? இப்பவே அடிக்கறேன். எங்க அடிக்குதுன்னு பாக்கலாம்."

மேஸ்திரி அந்த நம்பரைக் கூப்பிட்டார்.

தலையணை மேல் இருந்த போன் சும்மா கிடந்தது. கதவோரம் நின்ற வெல்டரின் கால்சட்டைப் பைக்குள் ஒன்று துடித்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தான். மனைவி கூப்பிட்டால் தெரிய வேண்டும் என்று அதிர்வை மட்டும் விட்டிருந்தான். தொடையோடு சேர்த்து உள்ளங்கையால் அதை அமுக்கிப் பிடித்தான். அறைக்குள் அத்தனை கூச்சல். யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் இடி இடித்த மாதிரி கேட்டது.

அப்போதுதான் புரிந்தது. சட்டையில் துடைத்துத் துடைத்து அவன் அமுக்கிய விரல். யார் பெயரும் இல்லாத சிம் என்றானே கடைக்காரன்.

சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்தக் குழாய் தன் மண்டையில். வேலை போகும். பிள்ளை பிறக்கிற நேரத்தில் ஜெயில். உள்ளங்கையை இன்னும் அழுத்தி, சுவரோடு ஒட்டி நின்றான்.

"எடுக்க மாட்டேங்கறான் பாரு," என்றான் மச்சான். "டைல்ஸ் ஒட்டற கைதானே? அத நீட்டிப் புடிங்கடா."

தடியன் ஒருவன் மொட்டைவிரலின் வலது மணிக்கட்டைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டான். குழாய் உயர்ந்தது. இறங்கியது. பச்சை விறகு முறிகிற சத்தம். மொட்டைவிரல் அலறியதில் அடுத்த அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

குழாய் மறுபடி உயர்ந்தபோதுதான் வெல்டர் அதன் குறுக்கே போய் விழுந்தான். அடி அவன் தோளில் பட்டது.

"அடிக்காதீங்கடா! அது என் நம்பர்! பேசினது நான்!"

போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தான். அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. கீறிய கண்ணாடிக்குள் மேஸ்திரியின் நம்பர் எரிந்துகொண்டிருந்தது.

அறையில் இருந்த ஆத்திரமெல்லாம் வெல்டர் மேல் திரும்பியது. முன்பல் இரண்டு போயின. அவன் கை ஓங்கவில்லை. அவன் வாழ்க்கையில் வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தது அன்று ஒரு நாள்தான். போன் காலடியில் நொறுங்கியது. காவலாளி போலீசைக் கூட்டி வரும்வரை அடி நிற்கவில்லை.

போலீஸ் எல்லாரையும் கொண்டுபோனது. அடித்தவர்கள் மேல் ஒரு கேஸ், மிரட்டியவன் மேல் ஒரு கேஸ். வெல்டரை ஜாமீனில் விட்டார்கள். மச்சானின் கூட்டாளிக்கு வேலை போனது. விசாரித்தபோது மொட்டைவிரல் பெயரில் பதினோரு சிம் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒன்றை வைத்து ஒருவன் கிழவிகளை ஏமாற்றிக்கொண்டிருந்தான். இன்னொன்று கஞ்சா விற்கிறவனிடம். சந்துக் கடை அடைத்துக் கிடந்தது. ராசா என்று கூப்பிட ஆள் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மொட்டைவிரல் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். வெல்டர் பக்கத்தில் போய் நின்றான்.

"மாப்ள."

"பேசாத."

"அந்தக் கடைக்காரன் எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சு அவன் கையை..."

"அவன் கையை ஒடச்சா என் கை ஒட்டுமா?" மொட்டைவிரல் திரும்பிப் பார்த்தான். "மேஸ்திரி நம்பர கூப்பிட்டாரே, அப்ப உன் பையில அடிச்சுதா இல்லையா?"

வெல்டர் காலியான கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

"மொத தடவ கொழா எறங்கறதுக்கு முன்னாடியே அடிச்சுதுல்ல?"

"அடிச்சுது."

மொட்டைவிரல் மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டு எழுந்தான். "வா. என் பேர்ல இருக்கறத எல்லாம் வெட்டணும். என்னால எழுத முடியாது, நீ வந்து எழுது," என்றான்.

மெயின் ரோட்டுக் கம்பெனிக் கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினோரு நம்பரையும் துண்டித்துக் கொடுத்தாள். வெல்டர் இந்தத் தடவை ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டு ஜெராக்ஸ் கொண்டு வந்திருந்தான். கேட்டதும் கொடுத்துவிட்டார் அவர். பல்லை இளிக்கச் சொல்லவில்லை. இளிக்கப் பல்லும் இல்லை.

"வெளிநாட்டுலேர்ந்து வேலைக்கு வந்தவங்களுக்குன்னே ஒரு பேக் இருக்குங்க, ஊருக்குப் பேச. வெலை ரொம்பக் கம்மி," என்று அவள் ஒரு அட்டையைக் காட்டினாள். சந்துக் கடைக்காரன் பாதி விலை என்று விற்றதைவிட அது குறைவு. "இத யாரும் உங்களுக்குச் சொல்லலியா?"

"நாங்க யாரையும் கேக்கல," என்றான் மொட்டைவிரல்.

வெல்டர் கட்டைவிரலை மெஷினில் வைத்தான். அது 'டிங்' என்றது. அவன் சட்டென்று விரலை எடுத்துச் சட்டையில் துடைக்கப் போனான்.

"எதுக்குத் தொடைக்கறீங்க? விழுந்துடுச்சு," என்றாள் அந்தப் பெண். "டிங்குன்னா விழுந்துடுச்சுன்னு அர்த்தம். வேற யாராவது இன்னொரு தடவ வைக்கச் சொன்னா, மொதல்ல வெச்சது என்ன ஆச்சு, காட்டுன்னு கேளுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மொட்டைவிரல் தன் மாவுக்கட்டைப் பார்த்தான். "அத்தன டிங்கும் விழுந்துதான் இருக்கு. டிங்குக்கு ஒரு சிம்மு," என்றான்.

புதுச் சிம்மில் வெல்டர் ஊருக்குப் பேசினான். கடைக்கு வெளியே, வெயிலில் நின்றபடி. மனைவிதான் எடுத்தாள். எங்கே போய்த் தொலைந்தாய் என்று அழுதாள். பிறகு, பொண்ணு பொறந்திருக்கு என்றாள்.

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். முகமூடிக்குள் தான் பேசியது அவன் காதிலேயே திரும்ப விழுந்தது.

அன்று மாலை அறைக்குப் புதிதாக இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். பெட்டியை இறக்கி வைத்ததும் ஒருவன் கேட்டான். "அண்ணே, இங்க சல்லிசா சிம் எங்க கெடைக்கும்? பேரு, பாஸ்போர்ட்டு எதுவும் கேக்காம?"

முன்பல் இல்லாத வாயால் வெல்டர் சொன்னான். "அப்படி ஒரு சிம்மு உலகத்துலயே கெடையாது தம்பி. உன் பேர்ல இல்லன்னா அது இன்னொருத்தன் பேர்ல இருக்கு. பேசறது நீ. அடி வாங்கறது அவன். சந்தேகமா இருந்தா அந்தக் கட்டில்ல கெடக்கறவன் கையப் பாரு. பாத்துட்டு, நாளைக்கு என் கூட மெயின் ரோட்டுக்கு வா."