அத்தை சாகாத ஞாயிறு

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு பன்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சொந்த ஊரிலிருந்து ஒரு சபைப் பத்திரிகைக்காரர் கேட்டிருந்தார். தேவனுடைய அழகைத் தியானிப்பது பற்றி ஒரு சின்னக் கதை வேண்டும், படிப்பவர் மனம் உருக வேண்டும், பன்றி கின்றி இல்லாமல் இருந்தால் நல்லது. (கடைசியில் உள்ளதை அவர் சொல்லவில்லை. இதைப் படித்த பிறகு சொல்வார்.) நான் டோங்காவில், ஹாபாய்த் தீவுகளில் ஒன்றில் கணக்கு டீச்சர். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்து தலை நரைக்கும்வரை தங்கிவிட்டவள். திருநீறு பூசி வளர்ந்தவள்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை கிடையாது, படகு கிடையாது, துணி துவைத்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி உச்சுக்கொட்டுவாள். சபைக் கோயிலுக்குப் போகாமல் என்ன செய்வது? ஏழாவது வரிசை, ஜன்னலோரம், என் இடம்.

சரி, முதல் வரி.

"கடல் அன்று நீலமாக இருந்தது." (இங்கே என்றைக்கும் நீலம்தான். அதற்காக யாரும் நின்று பார்ப்பதில்லை.)

"கோயில் மணியோசை தேனாக வழிந்து — " (வேண்டாம். மணி என்பது மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய கேஸ் சிலிண்டர். அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். இதில் தேன் எங்கிருந்து வழியும்?)

"பெனிசிமானிக்குப் பாட வராது."

இது இருக்கட்டும்.

2

பெனிசிமானிக்குப் பாட வராது. எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே நடக்கப் பழகும் குழந்தைகூடச் சுதியோடு அழும். கோயிலில் வாத்தியம் எதுவும் கிடையாது. நாலு குரலாகப் பிரிந்து ஊரே பாடும். ஆண்கள் அடிக்குரல் எடுத்தால் ஜன்னல் கண்ணாடி சடசடவென்று ஆடும். அந்த ஊரில் பெனி மட்டும் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தடுமாறிப் போவார்கள். பாடகர் குழுத் தலைவர் அவன் வாலிபனாக இருந்தபோதே தோளில் கைபோட்டுச் சொல்லிவிட்டார்: "தம்பி, நீ வாயை மட்டும் அசை. கடவுளுக்கு உள்ள இருக்கிறது தெரியும்."

அன்றிலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயசைக்கிறான். இப்போது அவனுக்குப் பேரன் இருக்கிறான்.

ஒருமுறை என்னிடம் சொன்னான். "டீச்சர், பாட்டு மேல போகும்போது எனக்கு என்னமோ தெரியுது. கடவுள் அழகா இருக்காரு டீச்சர்."

"எப்படி இருக்காரு?"

"அதான் சொல்லத் தெரியல. பாட வந்தா பாடிட்டே போயிருப்பேன்."

பாட வராததால் பிரசங்கம் பண்ணியாவது சொல்லிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. இங்கே சாதாரண ஆள் பிரசங்கி ஆக வேண்டுமானால் சோதனைப் பிரசங்கம் ஒன்று பண்ணித் தேற வேண்டும். முதல் தடவை அவன் பேசிய நீளத்தில் ஊர் முழுக்க வீட்டு அடுப்புக் குழிகளில் வைத்துவிட்டு வந்த ஞாயிற்றுச் சாப்பாடு கரியாகிப்போனது. இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். இரண்டாவது தடவை மேடையேறி, தண்ணீர் குடித்து, இறங்கிவிட்டான்.

மூன்றாவதுதான் கடைசி. அதை முடிவு செய்தது சபை இல்லை, அவன் அத்தை லெசியெலி.

3

அத்தையை அறிமுகப்படுத்த மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். தமிழ் வாசகர்களுக்கு அத்தை என்றால் போதும். இங்கே இன்னும் ஒரு படி மேலே. அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு அப்பாவின் அக்கா சொல்வதுதான் சட்டம். அவர் எதிரில் பெனி சாப்பிட மாட்டான். அவர் தலைக்கு மேலே எதையும் எட்டி எடுக்க மாட்டான். அந்தக் குடும்பத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் மரியாதை லெசியெலிக்கு, துக்கத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் நல்ல பாய்களெல்லாம் அவர் வீட்டுக்கு.

"மூணாந்தடவையும் சொதப்பினேன்னா, நம்ம குடும்பப் பேரை மேடையில ஏத்தாத" என்று அத்தை சொல்லியிருந்தார்.

(இந்த இடத்தில் அத்தையே வந்துவிட்டார். எழுதியதைப் படித்துக்காட்டு என்று என் திண்பண்ட டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். காட்டினேன்.

"ஏ டீச்சர், நான் அவ்வளவு கெட்டவளா?"

"கெட்டவங்கன்னு எங்கயும் எழுதல அத்தை."

"எழுதலைன்னாலும் தெரியுது. என் தொப்பியைப் பத்தி ஒரு வரி போடு."

போடுகிறேன். வெள்ளைத் தொப்பி, பின்வரிசைக்காரர்களுக்குப் போதகரை மறைக்கும் அளவு.)

4

இனிப் பன்றி.

இடுப்பில் பாய் சுற்றாமல் இங்கே யாரும் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார்கள். அம்மணமாகப் போவதும் அதுவும் ஒன்று. பிரசங்கத்துக்கு முந்தின நாள் பெனியின் மனைவி ஃபூசி அவனுடைய நல்ல பாயை வேலியில் வெயிலுக்குப் போட்டாள். அதை ஒரு பன்றி இழுத்துப் போட்டு, புரண்டு, ஓரத்தைத் தின்று, மிச்சத்தில் படுத்துத் தூங்கிவிட்டது.

"உங்க அத்தை பன்னிதான். காதுல வெட்டு இருக்கு பாருங்க!" என்று கத்தினாள் ஃபூசி.

"மெதுவாப் பேசு. அத்தையோட பன்னி."

"அதுக்கும் மரியாதையா? எழுந்திரிங்கன்னு சொல்லவா?"

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித் தருகிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்றான். பன்றியைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. அது நல்ல யோசனை என்று நான் இன்னமும் நினைக்கிறேன்.

மெத்தைக்கு அடியில் இன்னொரு பாய் இருந்தது. அவன் அப்பா இறந்தபோது கட்டிய துக்கப் பாய். முரட்டு ஓலை, கந்தல் விளிம்பு, அக்குளிலிருந்து முழங்கால்வரை மறைக்கும். செத்தவர் நம்மைவிட எவ்வளவு உயர்ந்தவரோ, அவ்வளவு பெரிய கந்தலைக் கட்டிக்கொள்வது இங்கத்து வழக்கம். பெனி யோசித்தான்: எல்லாரையும்விட உயர்ந்தவர் யார்? அவருடைய அழகைப் பற்றிப் பேசப் போகிறவன் எந்தப் பாயைக் கட்ட வேண்டும்? இருப்பதிலேயே கந்தலானதைத்தானே! இதையே பிரசங்கத்தின் முதல் வரியாக வைத்து விளக்கிவிட வேண்டியதுதான்.

எல்லாம் சரி. வீட்டுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு தெரு இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

5

ஃபூசி பாடகர் குழுவோடு முன்னமே போய்விட்டாள். பெனி துக்கப் பாயைக் கட்டி, பிரசங்கத்தை முணுமுணுத்தபடி, தலை குனிந்து தெருவில் நடந்தான்.

தெரு அவனைப் பார்த்தது. இவ்வளவு பெரிய கந்தலை அவன் யாருக்காகக் கட்டுவான்? அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஆள். அந்த ஆளுக்கு வியாழக்கிழமையிலிருந்து இருமல். நேற்றுப் பாட்டுப் பயிற்சிக்கு வரவில்லை. லெசியெலி பயிற்சிக்கு வராமல் இருந்து யாரும் பார்த்ததே இல்லை.

துக்கக்காரனிடம் போய் யார் செத்தது என்று கேட்பது இங்கே மரியாதை இல்லை. கடைக்காரர் மாகா ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தைரியமா இரு பெனி. எல்லாருக்கும் ஒரு நாள் வர்றதுதான்."

தன் மூன்றாவது சோதனையில் ஊருக்கு இவ்வளவு அக்கறையா என்று பெனி அவர் கையை இறுக்கினான். "ஆமாண்ணே. இந்தத் தடவையாவது முடிஞ்சிரணும்னு ராத்திரி பூரா ஜெபம் பண்ணினேன்."

மாகா கையை விட்டுவிட்டார்.

கோயில் வாசலில் போதகர் லொபெட்டி அவனைப் பார்த்து வெலவெலத்துப் போனார். "பெனி, பிரசங்கத்த வேற நாள் வச்சுக்கலாமே?"

"வேண்டாம் ஐயா. இன்னைக்கே முடிச்சிரலாம். அத்தையும் அதத்தான் விரும்புவாங்க."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

* எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. மாகாவும் போதகரும் தனித்தனியாக என்னிடம் சொன்னது. நடுவில் இன்னும் நாலு பேர் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரே நகைச்சுவை அலுத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

6

இந்தப் பகுதியை எட்டு முறை எழுதினேன். "அப்போது பரலோகமே திறந்து — " என்று ஒன்று தொடங்கியது. பரலோகம் திறந்ததா என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் திறந்திருந்தது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

பெனி மேடையேறினான். பாடகர் வரிசையில் ஃபூசி அவனையும் பாயையும் பார்த்து வாயில் கை வைத்தாள். தான் கிளம்பி வந்தபின் அத்தை போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நேற்றுத்தானே அவர் பன்றியைத் திட்டினோம் என்று அவளுக்கு அழுகை வந்தது. குழுத் தலைவர் கையில் இருந்த பாட்டை மூடிவிட்டு, அடக்க ஆராதனைப் பாட்டை எடுத்தார்.

ஊர் பாடியது. லெசியெலிக்குப் பயந்தவர்கள், அவரிடம் பேச்சு வாங்கியவர்கள், பிரசவ நேரத்தில் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தவர்கள், எல்லாரும் அழுதுகொண்டே பாடினார்கள். அழுதும் ஒரு குரல் பிசகவில்லை.

கடைசி வரிசைக்காரனான பெனி அதுவரை முதுகுகளைத்தான் பார்த்திருந்தான். அன்றைக்கு முதல் முறையாக முகங்களைப் பார்த்தான். கையில் இருந்த தாளைப் பார்க்கவில்லை. வாய் திறந்தபடி நின்றான்.

இரண்டாவது சரணத்தில் பக்கவாட்டுக் கதவு திறந்து வெள்ளைத் தொப்பி உள்ளே வந்தது.

யாரோ வீறிட்டார்கள். அடிக்குரல் நின்றது, நடுக்குரல் நின்றது, கடைசியில் ஒரு சின்னப் பெண் மட்டும் பாடிக்கொண்டிருந்துவிட்டு அவளும் நின்றாள். அத்தை முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்து, இருமி, நிமிர்ந்து மருமகனின் பாயைப் பார்த்தார்.

"யாரு போனது?"

போதகர் குழுத் தலைவரைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல? யாரு?"

ஃபூசிதான் விம்மிக்கொண்டே சொன்னாள். "நீங்கதான் அத்தை."

அத்தை திரும்பி, ஈரமான முகங்களை ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். யார் அழுதிருக்கிறார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று கணக்கெடுப்பதாகத்தான் நான் நினைத்தேன். (எடுத்திருக்கிறார். என் பெயரும் அதில் உண்டு, நல்ல பக்கத்தில்.) பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அதுக்கு ஏன் நிறுத்தினீங்க? பாடுங்க. செத்தப்புறம் எனக்குக் கேக்கவா போகுது?"

பாடினார்கள். அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள். அத்தை தன் சாவுப் பாட்டுக்குத் தானே நடுக்குரல் கொடுத்தார். அப்போது மேடையிலிருந்து ஒரு குரல் எந்தச் சுதியிலும் சேராமல் கரகரவென்று எழும்பியது. பெனி பாடிக்கொண்டிருந்தான். ஒருவரும் தடுமாறவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

பாட்டு முடிந்தது. பெனி தாளை மடித்துப் பையில் வைத்தான். எல்லாரையும் பார்த்துக் கையை நீட்டினான்.

"நான் சொல்ல வந்தது இதுதான். ஆமென்."

இறங்கிவிட்டான்.

7

இங்கே முடித்தால் பத்திரிகைக்காரருக்குச் சந்தோஷம். ஆனால் அவன் தேறினானா இல்லையா?

முதல் முடிவு அத்தை சொன்னது. "பாட்டு முடியவும் நான் அப்படியே சாஞ்சிட்டேன்னு எழுது. முகத்துல சிரிப்பு. கூட்டம் நெறய வை, பக்கத்துத் தீவு ஆளுங்களையும் வரவழை." எழுதிப் பார்த்தேன். அவரே கேட்டுவிட்டு, "வேண்டாம், அந்தப் பாயெல்லாம் யாருக்குப் போகும்?" என்றார்.

இரண்டாவது, ஃபூசியின் முடிவு. அதில் பன்றி மட்டும் சாகிறது. (அடுத்த வாரமே அது நடந்தது. அத்தையே அனுப்பிவைத்தார், தீயில் சுட்டு, இலையில் சுற்றி. பெனி அவர் எதிரில் சாப்பிட முடியாது என்பதால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டான்.)

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆராதனை முடிந்ததும் பிரசங்கத்தை மதிப்பிடும் சோதகர்கள் மூன்று பேர் பின்னறையில் கூடினார்கள். போதகர் லொபெட்டி தலையை ஆட்டினார். "எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனா வேத வசனம் எங்க? விளக்கம் எங்க? ஒத்த வரியப் பிரசங்கம்னு ஏத்துக்கிட்டா நாளைக்கு எல்லாப் பயலும் ஒத்த வரியோட வருவான்."

கடைக்காரர் மாகாவும் சோதகர்தான். "ஐயா, இவ்வளவு வருஷமா நீங்க பண்ணின பிரசங்கத்துல ஒரு வரி சொல்லுங்க, இவனோடத மாதிரி ஞாபகம் இருக்கிறது."

போதகர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார், அதுதான் பரிதாபம்.

ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது சோதகர் பாட்டு, அலறல், அத்தை, ஆமென் எல்லாவற்றையும் தூங்கியே கடத்திவிட்டார். அவர் எதையும் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் பார்த்தீர்கள். ஆகவே அவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைக்கிறேன்.

அத்தையிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். "நான் அன்னைக்குச் செத்தவ. எனக்கு ஓட்டு இல்ல" என்று சொல்லிவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போகாமல் வாசல் மாமரத்தடியில் தொப்பியோடு நிற்கிறார். பக்கத்தில் பெனி. அந்தக் கந்தல் பாயை இன்னும் அவிழ்க்கவில்லை. யோக்கியமான ஆள், உங்கள் பக்கம் பார்க்கக்கூட மாட்டான்.

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். ஊர் முழுக்க அடுப்பில் சாப்பாடு இருக்கிறது, இந்தத் தடவையும் கருகினால் பழி அவன் மேல்தான் விழும்.