முழங்கால் உயரத்தில் ஒரு கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை கழுதை மேலிருந்து தேநீர்ச் சாமான்களை இறக்கப் போன தூதா, தன் தேவதாருவின் இடுப்பில் சிவப்புச் சாயத்தைப் பார்த்தாள். வேரோரம் பட்டையைச் செதுக்கி வனத்துறைச் சுத்தியலின் முத்திரையும் பதித்திருந்தது. வெட்டுக்கு நாள் குறித்தாயிற்று. மரம் சர்க்காருடையது, நிழல் மட்டும் இத்தனை வருஷமாகத் தூதாவுடையது. மெக்னெஸ் நகரத்திலிருந்து காரில் வருகிற குடும்பங்கள் அந்த நிழலை நம்பித்தான் கம்பளம் விரிக்கின்றன. கம்பளம் விரிந்துவிட்டால் புதினாத் தேநீர் கேட்காமல் இருப்பார்களா?

முத்திரை போட்ட வனக்காவலன் ஹம்மூ, வழக்கம்போல ஓசித் தேநீருக்கு வந்து நின்றான்.

"ஏன் தம்பி, என் கையால குடிச்ச சர்க்கரைக்காவது மனசு எளகலையா?"

"மேல பாருங்கக்கா. உச்சி காஞ்சு போச்சு."

"உச்சிய யாரு பாக்குறா? வர்றவங்க கீழதான உக்கார்றாங்க. அந்த ஓடைக்கரை மரத்த எடுத்துக்கயேன். மாப்பிள்ளை மாதிரி நிக்குது."

"இதென்ன ஆட்டுச் சந்தையா, ஒண்ண விட்டு ஒண்ணப் பிடிக்க?"

எல்லாமே சந்தைதான் என்று தூதா நினைத்துக்கொண்டாள். பேரம் பேசத் தெரியாதவர்கள்தான் அதற்கு விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"உச்சி காஞ்சத யாரு உன்கிட்ட கோள் சொன்னது?"

"நீங்கதான். எப்பவும் ஓக் விறகு எரிக்கிறவங்க, போன வாரம் உங்க டீயில தேவதாருப் புகை வாசம். கிளை எங்கருந்து விழுந்துச்சுன்னு அண்ணாந்து பாத்தேன்."

விழுந்த கிளையைத் தூதா யார் கண்ணிலும் படாமல் நறுக்கி அடுப்பில் வைத்தது உண்மை. புகை போய் வத்தி வைக்கும் என்று தோன்றவில்லை.

அதற்குள் முதல் கார் வந்துவிட்டது. ஒரு தகப்பன் தாழ்ந்த கிளையில் ஊஞ்சல் கட்டி மகளை உட்கார வைத்தான். நல்ல வியாபாரம் அது. பிள்ளை ஆடுகிற வரைக்கும் பெற்றவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்; இரண்டாவது கெண்டித் தேநீர் நிச்சயம். மேலே கிளை ஒருமுறை முனகியது. ஹம்மூ வாயைத் திறக்குமுன் தூதா ஓடினாள்.

"எறக்குங்க! கொழந்தைய எறக்குங்க! ஓடைக்கரை மரத்துல கட்டுங்க, அது தாங்கும்!"

திரும்பி வரும்போதுதான் தன் வாயாலேயே பேரத்தை முடித்துவிட்டது புரிந்தது. முடிந்தால் என்ன, கொசுறு பாக்கி இருக்கிறதே.

"அடிக்கட்டை யாருக்கு?"

"முத்திரை அதுலதான இருக்கு. திருட்டு வெட்டு இல்லன்னு அதான் சாட்சி. யாரும் தொடக் கூடாது."

"அப்ப எனக்கு மேசையாச்சு. இடுப்பு உசரம் விட்டு வெட்டச் சொல்லு."

"ஏலம் எடுத்தவன் என்னைத் தின்னுடுவான்! கணுக்கால்தான் வழக்கம்."

"கணுக்கால் உசரத்துல கொரங்குதான் டீ குடிக்கும். தொடை."

"முழங்கால். அதுக்கு மேல ஒரு விரல்கூடக் கெடையாது."

ஹம்மூ சாய டப்பாவைத் திறந்து, முழங்காலை மரத்தோடு ஒட்டி வைத்தான். தூதா தட்டை அந்த உயரத்தில் பிடித்து, கெண்டியைத் தூக்கி ஊற்றுவதுபோல் கையை ஓட்டிப் பார்த்தாள். திருப்தியில்லை.

"உங்கப்பன் எவ்வளவு உசரம்! நீ ஏன் இப்படிக் கட்டையாப் போன? குதிகாலத் தூக்கு."

ஹம்மூ சுற்றுமுற்றும் பார்த்தான். ஓடைக்கரையில் சிறுமி உந்தி உந்தி ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. சிவப்பு சொட்டும் தூரிகையோடு, சர்க்கார் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெல்லக் குதிகாலைத் தூக்கினான்.