சத்தம் போடாத மென்பொருள்

அக்கா, இதற்கு மேல் கணினியில் அடிக்காதீர்கள்; எழுந்து டீ குடிக்கப் போங்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், முதலாளியின் அறையில் உட்கார்ந்து தவமணி மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த அந்தக் கப்பல் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கணினி. அதைத் தம் அறையிலிருந்தே இயக்க முதலாளி அம்பிகைபாகன் மென்பொருள் தேடினார். பிறை நகரிலிருந்து விற்க வந்த ஜெயராஜ் இரண்டைக் காட்டினான். ஒன்று, வெளியிலிருந்து யாராவது கணினிக்குள் நுழைந்தால் திரையில் சொல்லிவிடும். மற்றது மூச்சு விடாது.

இப்போது ஓடியது மூச்சு விடாதது. வெளியே ருக்குமணி அக்கா அடிக்க அடிக்க, உள்ளேயிருந்து முதலாளி அழித்தார். அவள் மிரண்டுபோய், கைப்பையிலிருந்த திருநீற்றை எடுத்துத் திரையின் மேல் பூசினாள்.

"பேய் ஓட்டுறாங்கலா, பாஸ்!" ஜெயராஜ் மேசையைத் தட்டிச் சிரித்தான். தவமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதையே வாங்குவோம்," என்றார் முதலாளி. "அவள நான் வேலைய விட்டு நிறுத்துனா யூனியன் வந்து நிக்கும். பயந்து அவளே ஓடிட்டா நல்லதுலா. அப்புறம் அவ இடம் உனக்குத்தான், தவமணி. இந்தா, நீ அழி."

முதலாளியின் விசைப்பலகை தவமணி பக்கம் நகர்ந்தது. வெளியே ருக்குமணி திரையைக் கும்பிட்டுவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

தவமணி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அழிக்க மாட்டேன், பாஸ்," என்றாள், வெளியே கேட்காத குரலில்.